ஆன்லைனில் படித்துக் கல்லூரி ஆசிரியர் ஆகலாமா? மீண்டும் படிக்க வருவோர் கேட்கும் கேள்விகள்

பட்டப்படிப்போடு நிறுத்திவிட்டு வேலைக்குப் போனவர்கள், கல்யாணம் குழந்தை என்று படிப்பைத் தள்ளிவைத்தவர்கள், பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டே கல்லூரிக்கு மாற நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளை மனத்தில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன். பேச்சில் நாம் விரிவுரையாளர், லெக்சரர் என்றெல்லாம் சொன்னாலும் அறிவிக்கைகளில் தேட வேண்டிய பெயர் உதவிப் பேராசிரியர்.

பி.ஏ. முடித்துப் பல வருடம் ஆகிவிட்டது. இப்போது ஆன்லைனில் எம்.ஏ. படித்தால் கல்லூரியில் சேர முடியுமா?

முடியும். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2020 செப்டம்பரில் வெளியிட்ட திறந்தநிலை, தொலைநிலை, ஆன்லைன் கல்வி விதிகளின்படி, அனுமதி பெற்ற பல்கலைக்கழகத்தில் ஆன்லைனிலோ தொலைநிலையிலோ வாங்கிய பட்டம், நேரில் போய்ப் படித்து வாங்கிய பட்டத்துக்குச் சமம். 2022 செப்டம்பரில் தனி அறிவிப்பாகவும் இதை மீண்டும் சொன்னார்கள். “கரஸ்ல படிச்சா செல்லாது” என்று யாராவது சொன்னால் இந்த இரண்டையும் காட்டுங்கள்.

ஆனால் எம்.ஏ. முடித்த அன்றே நீங்கள் தகுதி பெற்றுவிடுவதில்லை. பலரும் சறுக்குவது இங்கேதான். இரண்டு வருடம் கட்டணம் கட்டி, தேர்வு எழுதி, பட்டத்தைக் கையில் வாங்கிய பிறகுதான் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு ஒன்று இருப்பதே தெரிய வருகிறது. ஆகவே சேர்வதற்கு முன்பே முழு வழியையும் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த பதிலிலிருந்து அதுதான்.

தகுதி என்றால் சரியாக என்ன?

2018 ஜூலையில் யுஜிசி வெளியிட்ட ஆசிரியர் நியமன விதிகளை அடிப்படையாக வைத்துச் சொல்கிறேன். சம்பந்தப்பட்ட பாடத்தில் அல்லது அதனோடு தொடர்புடைய பாடத்தில் முதுகலைப் பட்டம், அதில் குறைந்தது 55 சதவீதம். அதோடு நெட் அல்லது மாநில அளவிலான தகுதித் தேர்வான செட், இரண்டில் ஒன்றில் தேர்ச்சி. யுஜிசியின் 2009 அல்லது 2016 விதிகளின்படி பிஎச்டி வாங்கியவர்களுக்கு நெட், செட் தேவையில்லை.

பிஎச்டி கட்டாயம் என்ற பேச்சு ஊரெல்லாம் உண்டு. பல்கலைக்கழகத் துறைகளில் நேரடியாகச் சேர பிஎச்டி கட்டாயம் என்றுதான் 2018 விதி சொன்னது. 2021-இல் நடைமுறைக்கு வர வேண்டியது தள்ளிப்போனது. 2023 ஜூன் இறுதியில் விதியையே திருத்தி, நெட், செட் போன்ற தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி, பிஎச்டி விருப்பத்துக்கு உட்பட்டது என்று அறிவித்துவிட்டார்கள். கல்லூரிகளைப் பொறுத்தவரை அது அடிப்படைத் தகுதியாக எப்போதும் கட்டாயமாக இருந்ததில்லை.

55 சதவீதம் எல்லோருக்குமா? எனக்கு 54.6 இருக்கிறது.

எஸ்சி, எஸ்டி, கிரீமிலேயரில் (வசதி படைத்த அடுக்கில்) வராத ஓபிசி, மாற்றுத்திறனாளி ஆகியோருக்கு 50 போதும். மற்றவர்களுக்கு 55 என்றால் 55தான், 54.6-ஐ 55 ஆக்கிக்கொள்ள முடியாது. நெட் அறிவிக்கையில் தசமத்தை மேலே தள்ளிக் கணக்கிடக் கூடாது என்றே எழுதியிருப்பார்கள்.

தமிழ்நாட்டில் பிசி, எம்பிசி சான்றிதழ் வைத்திருப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். நெட் மத்தியத் தேர்வு. அதற்குத் தமிழ்நாட்டு பிசி சான்றிதழ் போதாது. உங்கள் சமூகம் மத்திய ஓபிசி பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, தனியாக ஓபிசி சான்றிதழ் வாங்க வேண்டும். கிரீமிலேயரில் இல்லை என்ற குறிப்பும் அதில் இருக்க வேண்டும், நடப்பு ஆண்டுக்கும் செல்ல வேண்டும். விண்ணப்பத்தின் கடைசி நாளில் தாலுகா அலுவலகத்துக்கு ஓடுவதைவிட, சேர்ந்த வருடமே வாங்கிப் பழகிக்கொள்வது நல்லது.

ஏற்கெனவே முதுகலை முடித்து, சதவீதம் மட்டும் குறைவு என்றால், முதலில் உங்கள் பல்கலைக்கழகத்தில் மதிப்பெண்ணை உயர்த்த மறுதேர்வு எழுத அனுமதி உண்டா என்று கேளுங்கள். பல இடங்களில் கிடையாது, கிடைத்தாலும் சில ஆண்டுகளுக்குள் எழுத வேண்டும். அந்த வழி அடைபட்டிருந்தால் தொடர்புடைய இன்னொரு பாடத்தில் ஆன்லைன் முதுகலை படிப்பதுதான் நேர்வழி. நெட்டையும் அந்தப் பாடத்திலேயே எழுத வேண்டியிருக்கும் என்பதை நினைவில் வைத்துப் பாடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

பாஸ் ஆனால் போதாதா, மார்க்குக்காகவும் பாடுபட வேண்டுமா?

பாடுபட வேண்டும். தொலைநிலைப் படிப்பில் இருப்பவர்கள் பாஸ் மார்க்கை மட்டும் குறியாக வைத்து எழுதிவிடுகிறார்கள். 40 வாங்கினால் பாஸ் என்ற இடத்தில் 48, 51 என்று வாங்கிக்கொண்டே போனால் கடைசியில் பட்டம் இருக்கும், தகுதி இருக்காது.

நேர்காணலுக்கு யாரைக் கூப்பிடுவது என்று பட்டியல் போட, கல்லூரிகளுக்கென்று யுஜிசி 2018 விதிகளில் ஒரு மதிப்பெண் அட்டவணை தந்திருக்கிறது. அதில் முதுகலை 80 சதவீதத்துக்கு மேல் என்றால் 25, 60க்கு மேல் 80க்குள் 23, 55க்கு மேல் 60க்குள் 20. பிஎச்டிக்கு 25. நெட்டுக்கு 8, ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகையோடு சேர்ந்தால் 10, செட்டுக்கு 5. ஆய்வுக் கட்டுரைகளுக்கு 6 வரை, கற்பித்தல் அனுபவத்துக்கு ஆண்டுக்கு 2 வீதம் 10 வரை. இளங்கலை மதிப்பெண்ணுக்கும் 21 வரை உண்டு. அதை இனி மாற்ற முடியாது. முதுகலை மதிப்பெண் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. 60-ஐத் தாண்டுவதைக் குறிக்கோளாக வையுங்கள். ஒரு தாளில் சறுக்கினாலும் 55-க்குக் கீழே இறங்காமல் அது உங்களைக் காப்பாற்றும்.

அசைன்மென்ட்டை அலட்சியப்படுத்தாதீர்கள். பல படிப்புகளில் உள்மதிப்பீட்டுக்கு 30, இறுதித் தேர்வுக்கு 70 என்று பிரித்திருப்பார்கள். வேலை, குடும்பம் இரண்டுக்கும் நடுவே படிப்பவருக்கு அந்த 30 பெரிய ஆறுதல். வீட்டில் உட்கார்ந்து, நிதானமாக யோசித்து வாங்கக்கூடிய மதிப்பெண் அது ஒன்றுதான்.

ஆன்லைன் படிப்பும் தொலைநிலைப் படிப்பும் ஒன்றுதானே?

பட்டத்தின் மதிப்பில் ஒன்று. நடைமுறையில் வேறு. தொலைநிலையில் அச்சுப் புத்தகம், கற்றல் மையம், வார இறுதி வகுப்பு, நேரில் போய் எழுதும் தேர்வு என்று இருக்கும். ஆன்லைனில் பாடம், அசைன்மென்ட், கலந்துரையாடல் எல்லாம் இணையத்தில். தேர்வுக்குக் கண்காணிப்பு உண்டு.

இடம் பற்றிய விதியும் மாறுபடுகிறது. ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் தொலைநிலைப் படிப்பை அந்த மாநிலத்துக்குள் மட்டுமே நடத்தலாம். வேறு மாநிலப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்பை உங்கள் ஊரில் ஒருவர் மையம் வைத்து விற்கிறார் என்றால் சந்தேகப்படுங்கள். இக்னோ போன்ற தேசியப் பல்கலைக்கழகத்துக்கு நாடு முழுவதும் அனுமதி உண்டு. ஆன்லைன் படிப்புக்கு எல்லை இல்லை, எங்கிருந்தும் சேரலாம்.

என்னைக் கேட்டால், தானாக உட்கார்ந்து படிக்கும் பழக்கம் விட்டுப்போனவர்களுக்கு வார இறுதி வகுப்பு உள்ள தொலைநிலைப் படிப்பு நல்லது. அங்கே இரண்டு நண்பர்கள் கிடைப்பார்கள், அவர்களே உங்களை இழுத்துக்கொண்டு போவார்கள். கைக்குழந்தையோடு இருப்பவர், ஷிஃப்ட் வேலையில் இருப்பவர், வெளிநாட்டில் இருப்பவர் ஆன்லைனை எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு படிப்பு உண்மையிலேயே அங்கீகாரம் பெற்றதுதானா என்று எப்படிப் பார்ப்பது?

பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரே முக்கியமான வேலை இதுதான். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

யுஜிசிக்குக் கீழே தொலைநிலைக் கல்விப் பிரிவு, சுருக்கமாக டெப், என்று ஒன்று இருக்கிறது. எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பை, எந்தக் கல்வியாண்டில் நடத்தலாம் என்ற பட்டியலை அதன் இணையதளத்தில் வெளியிடுகிறார்கள். மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் பட்டியலில் இருந்தால் போதாது. எம்.ஏ. ஆங்கிலத்துக்கு அனுமதி இருக்கும், எம்.ஏ. வரலாற்றுக்கு இருக்காது. போன ஆண்டு இருந்த அனுமதி இந்த ஆண்டு இல்லாமல் போகும். நல்ல பெயருள்ள பழைய பல்கலைக்கழகம் என்பதற்காகப் பார்க்காமல் விடாதீர்கள். சில ஆண்டுகளுக்கு அனுமதி இல்லாமலே சேர்க்கை நடத்திய இடங்கள் இருக்கின்றன. அந்த ஆண்டுகளில் சேர்ந்த மாணவர்கள் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீதிமன்றப் படி ஏறினார்கள். தவறு செய்தது நிறுவனம், அலைந்தது மாணவர். இதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

பட்டியலில் நீங்கள் சேரப்போகும் ஆண்டும் பருவமும் (ஜனவரியா ஜூலையா என்பது) இருக்கும் பக்கத்தைப் பிடிஎஃப் ஆகச் சேமித்து வையுங்கள். ஆறேழு வருடம் கழித்துச் சான்றிதழ் சரிபார்ப்பில் கேட்டால் எடுத்துக் காட்டலாம்.

2024 செப்டம்பர் முதல் நடக்கும் சேர்க்கைகளுக்கு டெப் ஐடி என்ற மாணவர் அடையாள எண் கட்டாயம். முதலில் டிஜிலாக்கர் மூலம் ஏபிசி ஐடி (படிப்பில் பெறும் கிரெடிட்களைச் சேர்த்துவைக்கும் கணக்கின் எண்) எடுக்க வேண்டும், அதை வைத்து டெப் ஐடி. இதை மாணவர்தான் உருவாக்க வேண்டும். “நாங்களே எல்லாம் பார்த்துக்கொள்கிறோம், ஓடிபி மட்டும் சொல்லுங்கள்” என்று கேட்கும் ஏஜென்ட்டிடம் சொல்லாதீர்கள். ஃபிரான்சைஸ் முறையில் வெளியாள் மையம் வைத்துப் படிப்பை நடத்துவதற்கு யுஜிசி அனுமதி இல்லை. கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே நேராகச் செலுத்துங்கள். ஒரே வருடத்தில் முதுகலை, பின்தேதியிட்ட சேர்க்கை, தேர்வுக்கு வரவே வேண்டாம் என்றெல்லாம் யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

எந்தப் பாடங்களை இப்படிப் படிக்க முடியாது?

பொறியியல், மருத்துவம், செவிலியர், மருந்தியல், சட்டம், கட்டடக்கலை, வேளாண்மை போன்றவற்றுக்கு இந்த வழி இல்லை. ஆய்வகம் தேவைப்படும் அறிவியல் பாடங்களுக்கு ஆன்லைன் முறை ஒத்துவராது. இயற்பியல், வேதியியல் என்றால் தொலைநிலையில் செய்முறைக்கு நேரில் வரச் சொல்லும் படிப்பைத் தேட வேண்டும், அல்லது கல்லூரியிலேயே சேர வேண்டும். உளவியல், நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம், உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியல் ஆகியவற்றைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்துவதை 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து யுஜிசி நிறுத்திவிட்டது.

தமிழ், ஆங்கிலம், வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல், சமூகவியல், பொது நிர்வாகம், வணிகவியல், கணிதம் போன்றவை ஏற்ற பாடங்கள்.

பி.எஸ்சி. இயற்பியல் படித்தேன். எம்.ஏ. தமிழ் படித்துத் தமிழ்த்துறையில் சேரலாமா?

யுஜிசி விதி பார்ப்பது முதுகலைப் பாடத்தைத்தான். நெட்டும் எழுதலாம். ஆனால் சில கல்லூரி நிர்வாகங்கள் இளங்கலையிலும் அதே பாடம் படித்தவர்களை விரும்புகின்றன. அரசு அறிவிக்கை வரும்போது அதில் கேட்டிருக்கும் கல்வித் தகுதியை வரி விடாமல் படியுங்கள்.

இதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. பாடத்தை வேலை வாய்ப்பு மட்டும் பார்த்து மாற்றாதீர்கள். ஒரு பாடத்தை முப்பது பேருக்கு முன்னால் நின்று வருடக்கணக்கில் சொல்லித்தரப் போகிறீர்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல், உடம்பு அசந்திருக்கும்போதும் புத்தகத்தைத் திறக்கத் தோன்றுகிற பாடம் எதுவோ அதை எடுங்கள்.

பி.எட். வேண்டுமா? டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுத வேண்டுமா?

வேண்டாம். இரண்டும் பள்ளிக்கு உரியவை. கலை அறிவியல் கல்லூரிக்கு பி.எட். தேவையான தகுதியே இல்லை, இருந்தாலும் தவறில்லை. கல்வியியல் கல்லூரியில் பாடம் நடத்த விரும்பினால் அது தனி வழி, அங்கே எம்.எட். கேட்பார்கள்.

வயது 41. இனிமேல் முடியுமா?

உதவிப் பேராசிரியர் தகுதிக்காக நெட் எழுத உச்ச வயது வரம்பே கிடையாது. ஜேஆர்எஃப் உதவித்தொகைக்குத்தான் 30 வயது வரம்பு. பெண்களுக்கும், எஸ்சி, எஸ்டி, ஓபிசி, மாற்றுத்திறனாளி, மூன்றாம் பாலினத்தவருக்கும் ஐந்து ஆண்டு தளர்வு. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளுக்கு டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) வெளியிட்ட 2019 அறிவிக்கையில் உச்ச வயது 57 என்று இருந்தது. 41 இதற்குத் தடையே இல்லை. ஆனால் ஓய்வூதியம், பணிக்காலம், குடும்பச் செலவு எல்லாவற்றையும் கணக்குப் போட்டு முடிவெடுக்க வேண்டிய வயது அது. உங்கள் வீட்டாரோடு உட்கார்ந்து பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

நெட் தேர்வு எப்படி இருக்கும்?

என்டிஏ (தேசியத் தேர்வு முகமை) நடத்துகிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன், டிசம்பர் சுழற்சி. கணினியில் எழுத வேண்டும். இரண்டு தாள்களையும் இடைவெளி இல்லாமல் மூன்று மணி நேரத்தில் முடிக்க வேண்டும். முதல் தாள் எல்லோருக்கும் பொது: 50 கேள்வி, 100 மதிப்பெண். இரண்டாம் தாள் உங்கள் பாடம்: 100 கேள்வி, 200 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை, ஆகவே எந்தக் கேள்வியையும் விடாதீர்கள். இயற்பியல், வேதியியல், கணிதம், உயிர் அறிவியல், புவி அறிவியல் ஆகியவற்றுக்கு மட்டும் சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் என்று வேறு தேர்வு. அங்கே தவறான விடைக்கு மதிப்பெண் குறையும்.

பொதுப் பிரிவினர் 40 சதவீதமும் மற்றப் பிரிவினர் 35 சதவீதமும் எடுத்தால் தேர்ச்சி என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அது வாசல் மட்டும். இரண்டு தாளும் எழுதியவர்களில் 6 சதவீதம் பேருக்குத்தான் உதவிப் பேராசிரியர் தகுதி கிடைக்கிறது, அதுவும் பாடவாரியாக, பிரிவுவாரியாகப் பிரிக்கப்பட்டு. ஆகவே இது போட்டித் தேர்வு. நூறு பேரில் முதல் ஆறு பேருக்குள் வர வேண்டும் என்ற எண்ணத்தோடு படிக்க வேண்டும்.

முதல் தாளில் பத்து அலகுகள். கற்பித்தல் திறன், ஆய்வுத் திறன், வாசித்துப் புரிதல், தகவல்தொடர்பு, கணிதப் பகுத்தறிவு, தர்க்கம், தரவு விளக்கம், தகவல் தொழில்நுட்பம், சுற்றுச்சூழல், உயர்கல்வி அமைப்பு. ஒவ்வொன்றிலிருந்தும் ஐந்து கேள்வி. மீண்டும் படிக்க வருபவர்கள் பயப்படுவது கணிதத்துக்கு, ஆனால் அங்கே வருவது பெரும்பாலும் பள்ளி அளவு விகிதம், சதவீதம், எண் தொடர்தான். தர்க்கமும் உயர்கல்வி அமைப்பும்தான் புதிதாக இருக்கும். அவற்றிலிருந்து தொடங்குங்கள்.

இரண்டாம் தாளுக்குப் பாடத்திட்டத்தை யுஜிசி தளத்திலிருந்து இறக்கி, உங்கள் எம்.ஏ. பாடத்திட்டத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். எம்.ஏ.வில் வராத அலகுகளை அடிக்கோடு இடுங்கள். அதுதான் நீங்கள் தனியாகப் படிக்க வேண்டியது. யுஜிசியின் இ-பிஜி பாடசாலை, ஸ்வயம் தளம், தேசிய மின்னூலகம் மூன்றிலும் இலவசமாகப் படிக்கக் கிடைக்கிறது. பழைய வினாத்தாள்களை என்டிஏ தளத்திலேயே எடுக்கலாம். விலை கொடுத்து வாங்கும் கைடுகளுக்கு முன்னால் இவற்றை முடித்துவிடுங்கள்.

எம்.ஏ. இறுதியாண்டில் இருக்கும்போதே நெட் எழுதலாம். முடிவு வந்த இரண்டு ஆண்டுகளுக்குள் தேவையான சதவீதத்தோடு முதுகலையை முடித்துவிட வேண்டும். உதவிப் பேராசிரியர் தகுதிச் சான்றிதழுக்கு ஆயுள் முழுக்கச் செல்லுபடி உண்டு.

எனக்கு “பிஎச்டி சேர்க்கைக்கு மட்டும் தகுதி” என்று முடிவு வந்தது. நான் நெட் பாஸா?

ஆசிரியர் வேலைக்கு இல்லை. 2024 ஜூன் சுழற்சியிலிருந்து நெட் முடிவு மூன்று வகையாக வருகிறது: ஜேஆர்எஃப்போடு உதவிப் பேராசிரியர் தகுதி, உதவிப் பேராசிரியர் தகுதியும் பிஎச்டி சேர்க்கையும், பிஎச்டி சேர்க்கை மட்டும். மூன்றாவது வகையில் வந்தால் ஓராண்டுக்குள் பிஎச்டி சேர அந்த மதிப்பெண்ணைப் பயன்படுத்தலாம், அவ்வளவுதான். வாழ்த்துச் செய்தி அனுப்புவதற்கு முன் எந்த வகை என்று பாருங்கள்.

தமிழ் வழியில் படித்தவன் நான். நெட் தமிழில் எழுத முடியாதா?

மொழிப் பாடங்களைத் தவிர மற்றவை ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகின்றன. தமிழ்ப் பாடத்தை எடுத்தால் இரண்டாம் தாள் தமிழில் இருக்கும், முதல் தாள் அப்போதும் ஆங்கிலம்தான். இது நியாயமில்லை என்றே நான் நினைக்கிறேன். தன் பாடத்தில் ஆழமான அறிவுள்ள பலர் கேள்வியின் ஆங்கில வாக்கியத்தைப் புரிந்துகொள்வதிலேயே நேரத்தை இழக்கிறார்கள்.

ஆனாலும் வழி இருக்கிறது. முதல் தாளில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் சில நூறுதான். பழைய வினாத்தாள் பத்தை எடுத்து, புரியாத சொல்லை எல்லாம் ஒரு நோட்டில் தமிழ் அர்த்தத்தோடு எழுதிவாருங்கள். நாலாவது தாளுக்கு வரும்போது புதிய சொற்கள் குறைவதை நீங்களே காண்பீர்கள். வாசித்துப் புரிதல் பகுதிக்கு நாள்தோறும் ஓர் ஆங்கில நாளிதழ்த் தலையங்கம் போதும்.

செட் எழுதினால் போதுமா?

தமிழ்நாட்டுக்குள் போதும். ஒரு மாநிலத்தின் செட் தேர்ச்சி அந்த மாநிலக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் மட்டுமே செல்லும். சிக்கல் என்னவென்றால், நெட் போல அது ஆண்டுதோறும் உறுதியாக நடப்பதில்லை. 2018-க்குப் பிறகு 2024-க்கான செட் அறிவிக்கப்பட்டு, தள்ளிப்போய், 2025 மார்ச்சில்தான் நடந்தது. செட் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நெட்டுக்குப் படியுங்கள், இடையில் செட் வந்தால் அதையும் எழுதுங்கள்.

பிஎச்டியையும் ஆன்லைனில் முடித்துவிடலாமா?

முடியாது. 2022 நவம்பரில் வந்த யுஜிசியின் பிஎச்டி விதிகள் தொலைநிலை, ஆன்லைன் பிஎச்டியை அனுமதிக்கவில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரில் ஆன்லைன் பிஎச்டி விற்கும் விளம்பரங்களை நம்ப வேண்டாம் என்று யுஜிசியும் தொழில்நுட்பக் கல்விக்கான குழுவான ஏஐசிடிஇயும் 2022 அக்டோபரில் சேர்ந்தே எச்சரித்தன.

வேலையில் இருந்தபடி படிக்கப் பார்ட்-டைம் பிஎச்டி இருக்கிறது. வேலை செய்யும் இடத்திலிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் கூடுதலாக இரண்டு ஆண்டு கிடைக்கும். மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பும் உண்டு. பாடப்பணியை (கோர்ஸ் ஒர்க்) தவிர்க்க முடியாது.

கைடு யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சேர்வதற்கு முன் அவரிடம் ஏற்கெனவே ஆய்வு செய்பவர்களைத் தனியாகச் சந்தித்துப் பேசுங்கள். அவர் எத்தனை நாளில் அத்தியாயத்தைத் திருத்தித் தருகிறார், மாணவர்களை எப்படி நடத்துகிறார் என்று கேளுங்கள். அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகளை ஷோத்கங்கா தளத்தில் எடுத்துப் படிக்கலாம்.

எம்.ஃபில். சேரலாமா?

வேண்டாம். அதை யுஜிசி நிறுத்திவிட்டது. முன்பே முறையாக வாங்கிய எம்.ஃபில். செல்லும், இப்போது யாராவது சேர்க்கை நடத்தினால் சேராதீர்கள்.

பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலையில் நேரடியாகப் பட்டம் வாங்கினேன். பிரச்சினை வருமா?

தமிழ்நாட்டு அரசு வேலையில் வரும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம், முதுகலை என்ற வரிசை இருக்க வேண்டும் என்பது மாநில அரசின் நிலை. முதுகலையில் பணம் போடுவதற்கு முன்பே, பிளஸ் டூவைத் தனித்தேர்வராக எழுதினால் உங்கள் நிலை மாறுமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ஒழுங்கு மாறி வாங்கிய பட்டங்களை ஏற்பதில் வழக்குகள் உண்டு.

பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக்?

பொறியியல் துறைகளுக்கு எம்.இ. போன்ற பட்டம் வேண்டும், அது இந்த வழியில் கிடைக்காது. அந்தக் கல்லூரிகளில் ஆங்கிலம், கணிதம் நடத்தும் இடங்கள் உண்டு. தகுதியை அந்தந்த அறிவிக்கையில் பாருங்கள்.

எல்லாம் முடித்தால் சம்பளம் எவ்வளவு?

யுஜிசி ஊதிய விகிதத்தில் நிரந்தரமாகச் சேர்ந்தால் அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாயில் தொடங்கும், அதற்கு மேல் படிகள். ஆனால் பெரும்பாலோர் தொடங்குவது அங்கே இல்லை. அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக, தனியார் கல்லூரியில் சுயநிதிப் பிரிவில், இரண்டாம் ஷிஃப்ட்டில் தொடங்குவார்கள். கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 என்று யுஜிசி 2019-இல் சொன்னது. நடப்பில் கிடைப்பது அதைவிட மிகவும் குறைவு. பல தனியார் கல்லூரிகளில் நெட் முடித்தவருக்கும் பள்ளி ஆசிரியரைவிடக் குறைந்த சம்பளம்தான். இருக்கும் வேலையை விட்டுவிட்டு இதில் குதிக்க நினைப்பவர்கள், குறைந்தது சில ஆண்டுகளுக்கு இந்த வருமானத்தில் வீடு நடக்குமா என்று பார்க்க வேண்டும்.

அரசுப் பணித் தேர்வு முறையும் மாறிக்கொண்டே வருகிறது. 2019 டிஆர்பி அறிவிக்கையில் எழுத்துத் தேர்வே இல்லை. அனுபவத்துக்கும் பிஎச்டிக்கும்தான் எடை அதிகம். 2024 அறிவிக்கையில் எழுத்துத் தேர்வு வந்துவிட்டது. அனுபவம் சேர்க்க முடியாமல் வீட்டில் இருந்தவர்களுக்கு இது நல்ல மாற்றம்.

வேலையும் வீடும் வைத்துக்கொண்டு எத்தனை வருடத்தில் முடிக்கலாம்?

முதுகலைக்கு இரண்டு ஆண்டு. இரண்டாம் ஆண்டிலேயே நெட் முதல் முயற்சி. அதில் கிடைக்காவிட்டால் அடுத்த இரண்டு மூன்று சுழற்சி. ஆக மூன்று, நான்கு ஆண்டு என்று மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். இக்னோ போன்ற இடங்களில் இரண்டாண்டு முதுகலையை நான்கு ஆண்டு வரை நீட்டலாம். குழந்தை பிறந்தது, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் ஒரு பருவத்தை விட்டுவிட்டுத் தொடர்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தினமும் நான்கு மணி நேரம் என்று அட்டவணை போடாதீர்கள், மூன்றாம் நாளே உடைந்துவிடும். ஒன்றரை மணி நேரம், ஆனால் நாள் தவறாமல் என்பதே பெரும்பாலோருக்குக் கைகூடுகிறது. கையால் எழுதிப் பழகுவதையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். பல வருடம் ஃபோனில் மட்டும் தட்டச்சு செய்தவர்களுக்கு கையால் எழுதும் மூன்று மணி நேர முதுகலைத் தேர்வில் விரல் ஒத்துழைக்காது. தெரிந்த விடையை எழுத முடியாமல் மதிப்பெண் போவது பெரிய வேதனை.

வீட்டில் உள்ளவர்களிடம், குறிப்பாகப் பெண்கள், “நேரம் கிடைக்கும்போது படிக்கிறேன்” என்று சொல்லிவிடாதீர்கள். அந்த நேரம் கிடைக்கவே கிடைக்காது. இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை நான் படிக்கிறேன், அந்த நேரத்துக்கு அடுப்பும் பிள்ளையும் உங்கள் பொறுப்பு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் செய்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

நேர்காணலில் “ரெகுலரா படிக்கலையா?” என்று கேட்டால்?

மறைக்காதீர்கள். மதிப்பெண் பட்டியலிலேயே படித்த முறை தெரிந்துவிடும். “வேலையில் இருந்ததால் ஆன்லைனில் படித்தேன், இன்ன சதவீதம், இன்ன வருடம் நெட்” என்று நேராகச் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வந்துவிடுங்கள். அவர்களின் உண்மையான சந்தேகம், வகுப்பறையில் நிற்க உங்களுக்கு வருமா என்பதுதான். அதற்கு டெமோ வகுப்பில்தான் பதில் சொல்ல முடியும். ஒரே ஒரு சிறிய தலைப்பைப் பத்து நிமிடத்தில், கரும்பலகையைப் பயன்படுத்தி, ஓர் உதாரணத்தோடு நடத்தும்படி தயார் செய்யுங்கள். பவர்பாயின்ட்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவர்கள் நாலு பேரை உட்காரவைத்து முன்கூட்டியே நடத்திப் பாருங்கள். அவர்கள் எங்கே முழிக்கிறார்கள் என்று பார்த்தாலே எதை மாற்ற வேண்டும் என்று தெரியும்.

விதிகள் மறுபடி மாறுமா?

2025 ஜனவரியில் ஆசிரியர் நியமனத்துக்கான புதிய வரைவு விதிகளை யுஜிசி வெளியிட்டது. வரைவு என்பது விதி அல்ல. நீங்கள் விண்ணப்பிக்கும் அறிவிக்கையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே உங்களுக்குப் பொருந்தும். 55 சதவீதத்துக்கு மேல் ஒரு முதுகலையும் நெட் சான்றிதழும் கையில் இருந்தால், இதுவரை வந்த எந்த மாற்றத்திலும் நீங்கள் தகுதி இழந்திருக்க மாட்டீர்கள்.